ஜெரால்ட் எடெல்மன் துறை மாறவே இல்லை

லேப் டெக்னீசியன் படிப்பில் ஒரு பிராக்டிகல் உண்டு. நான் வேலை பார்த்த எந்த லேபிலும் அந்த டெஸ்டைச் செய்து ரிப்போர்ட் கொடுத்ததில்லை, பாடத்தில் இருக்கிறது என்பதற்காக எங்களுக்குச் செய்து காட்டினார்கள். மல்டிபிள் மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவரின் சிறுநீரை டெஸ்ட் டியூபில் எடுத்து, தெர்மாமீட்டரோடு வாட்டர் பாத்தில் நிறுத்தி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். 50 டிகிரியை ஒட்டி லேசாகக் கலங்கும். 60க்கு வரும்போது கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை, முட்டையை வேகவைத்தாலும் வெள்ளைக்கரு இப்படித்தான் திரளும். ஆனால் நிறுத்தாமல் கொதிநிலை வரைக்கும் கொண்டுபோனால் அந்தக் கலங்கல் கண் முன்னாலேயே கரைந்து டியூப் தெளிந்துவிடும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மறுபடி கலங்கும். வெந்த முட்டை பச்சை முட்டையாகத் திரும்புவதைப் பார்த்தவர்கள்போல நாங்கள் எல்லோரும் அந்த டியூபைச் சுற்றி நின்றோம். "பென்ஸ் ஜோன்ஸ் புரோட்டீன், ரெண்டு மார்க் கேள்வி, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த டெஸ்டுக்குப் போய்விட்டார்.

அது என்ன புரதம் என்று பல வருடம் கழித்துத்தான் தேடிப் படித்தேன். அதற்குள் என் வேலையே அதைச் சுற்றி அமைந்துவிட்டது. ரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தை ஜெல்லில் ஓடவிட்டு, காமா பகுதியில் (கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடி புரதங்கள் வந்து விழும் இடம்) ஒரே ரகம் மிகுந்திருப்பதைக் காட்டும் எம் பேண்ட் மெல்லிய கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பது, அப்புறம் லைட் செயின் என்கிற புரதச் சரட்டில் காப்பா வகை எவ்வளவு, லாம்டா வகை எவ்வளவு, இரண்டுக்கும் விகிதம் என்ன என்று ஃப்ரீ லைட் செயின் ரிப்போர்ட் போடுவது. நாள் முழுக்க லைட் செயின், லைட் செயின் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, இந்தச் சொல்லை யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு நாள் தேடினேன். அப்படித்தான் ஜெரால்ட் எடெல்மன் கிடைத்தார். அதிலிருந்து இன்றுவரை அவர் எழுதியதையும் அவரைப் பற்றி எழுதியதையும் கிடைக்கும்போதெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவரைப் பற்றி எழுதுகிற பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆன்டிபாடியின் அமைப்பைக் கண்டுபிடித்து 1972இல் நோபல் வாங்கினார், அப்புறம் அந்தத் துறையை விட்டுவிட்டு மூளை ஆராய்ச்சிக்குப் போனார், அங்கே யாருக்கும் புரியாத மாதிரி எழுதினார், என்று. முதல் பாதி வெற்றி, இரண்டாம் பாதி ஏதோ வழிதவறிப் போனது என்கிற தொனி. எனக்கு இது தப்பாகப் படுகிறது. முன்பின் பார்த்திராத ஒன்றை உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான் மனிதர் கடைசிவரை துரத்தினார். 1962இல் டெஸ்ட் டியூபில் இருந்த கேள்வியும் 2001இல் மூளையில் இருந்த கேள்வியும் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

எடெல்மன் பிறந்தது 1929 ஜூலை 1, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஓசோன் பார்க் என்ற இடம். அப்பா டாக்டர். பையன் பல வருடம் வயலின் கற்றுக்கொண்டான், அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற அளவுக்குத் தீவிரமாக. கடைசியில் மேடை வாழ்க்கைக்கு வேண்டிய உள் வேகம் தன்னிடம் இல்லை என்று தானே முடிவுசெய்து விலகிவிட்டார். இந்த வயலின் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் அர்சைனஸ் கல்லூரியில் வேதியியல், 1954இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்.டி., அப்புறம் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் பயிற்சி, அதன் பிறகு ராணுவ டாக்டராகப் பிரான்ஸ். பாரிஸில் இருந்தபோது நோய் எதிர்ப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. உடம்புக்குள் வருகிற கிருமியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், அதைப் பிடிக்கிற ஆன்டிபாடி எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் உருப்படியான பதில் இல்லை. 1957இல் ஊர் திரும்பியதும் டாக்டர் வேலையைத் தொடராமல், நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஹென்றி குங்கெல் என்பவரிடம் பிஎச்.டி. மாணவராகச் சேர்ந்துவிட்டார். குங்கெல் மைலோமா நோயாளிகளின் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று பிறகு சொல்கிறேன்.

அப்போது இருந்த பெரிய சிக்கலை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எடெல்மனின் வாழ்க்கையே புரியாது. நம் உடம்பு இதுவரை பார்த்தே இராத பொருளுக்கும், ஏன், ஆய்வகத்தில் நேற்றுத்தான் செய்த ஒரு ரசாயனத்துக்கும்கூட, பொருத்தமான ஆன்டிபாடியைத் தயாரித்துவிடுகிறது. எப்படி? வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1940இல் ஒரு பதில் சொன்னார். ஆன்டிபாடி எல்லாம் ஒரே சரடுதான், உள்ளே வந்த அந்நியப் பொருளே அச்சாக நின்று, அந்தச் சரடைத் தன் உருவத்துக்கு ஏற்ற மாதிரி மடித்துவிடுகிறது என்று. தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோல. பாலிங் சொன்னால் உலகமே கேட்ட காலம் அது. 1955இல் நீல்ஸ் ஜெர்னே என்பவரும், 1957இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லன் பர்னெட்டும் நேர் எதிராகச் சொன்னார்கள். யாரும் அளவெடுப்பதில்லை, எல்லா அளவிலும் எல்லா வடிவத்திலும் முன்கூட்டியே தைத்து அடுக்கி வைத்த ரெடிமேட் கடைதான் உடம்பு. வந்தவருக்கு எது பொருந்துகிறதோ அந்தச் சட்டையைத் தைக்கிற செல் மட்டும் பெருகுகிறது, அவ்வளவுதான். பாலிங் சொன்னது கற்றுக்கொடுத்தல், பர்னெட் சொன்னது தேர்ந்தெடுத்தல். எது சரி என்று சொல்ல வேண்டுமானால் ஆன்டிபாடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவோ மிகப் பெரிய மூலக்கூறு, இன்சுலினைவிடப் பல மடங்கு பெரியது.

இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தில் ரோட்னி போர்ட்டர், பப்பாளிப் பாலில் இருக்கிற பப்பாயின் என்சைமைக் கொண்டு ஆன்டிபாடியை மூன்று துண்டாக வெட்டினார். (கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே சங்கதி.) பொருளைப் பிடிக்கிற இரண்டு கைகள், பிடிக்கத் தெரியாத ஒரு வால். எடெல்மன் வெட்டவில்லை, பிணைப்பை அவிழ்த்தார். ஆன்டிபாடிக்குள் கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிணைப்புகளை வேதிமுறையில் உடைத்து, யூரியாக் கரைசலில் விட்டபோது ஒரே சரடு என்று நம்பப்பட்டது பல சரடுகளாகக் கழன்று வந்தது. 1959இல் அதை வெளியிட்டபோது அவர் இன்னும் மாணவர்தான், பிஎச்.டி. 1960இல்தான் வந்தது. கனமான சரடுகள் இரண்டு, லேசான சரடுகள் இரண்டு. ஹெவி செயின், லைட் செயின். என்னுடைய ரிப்போர்ட்டில் தினமும் நான் அடிக்கிற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது அந்தச் சிறுநீர் டியூபுக்கு வருகிறேன். 1845இல் லண்டனில் எலும்பு வலியால் துடித்துக்கொண்டிருந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் சிறுநீரை அவருடைய டாக்டர்கள் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் அனுப்பினார்கள், சூடாக்கினால் விநோதமாக நடந்துகொள்கிறது, இது என்ன என்று கேட்டு. அந்த நோயாளி சில மாதங்களில் இறந்துவிட்டார். பென்ஸ் ஜோன்ஸ் 1847இல் அந்தப் புரதத்தைப் பற்றி எழுதினார், ஆனால் அது என்ன, எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியவில்லை, அடுத்த நூறு வருடம் வேறு யாருக்கும் தெரியவில்லை. 1956இல் கோர்ன்கோல்ட், லிப்பாரி என்ற இருவர் அதில் இரண்டு வகை இருப்பதைக் கண்டார்கள். காப்பா, லாம்டா என்கிற கிரேக்க எழுத்துகள் அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள்தாம்.

1962இல் எடெல்மனும் ஜோசப் கேல்லியும் ஒரு யோசனைக்கு வந்தார்கள். மைலோமா என்பது ஆன்டிபாடி தயாரிக்கிற ஒரே ஒரு செல் கட்டுக்கடங்காமல் பெருகுவது. எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள் என்பதால் அவை கொட்டுகிற புரதமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். அப்படியானால் சிறுநீரில் வருவது, முழு ஆன்டிபாடியாகச் சேராமல் தனித்து மிஞ்சிய லைட் செயினாக ஏன் இருக்கக்கூடாது? ஒரே நோயாளியின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியை எடுத்து அவிழ்த்து அதன் லைட் செயினைப் பிரித்தார்கள், அதே நோயாளியின் சிறுநீரில் இருந்த பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தையும் எடுத்தார்கள், இரண்டையும் ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் ஒன்றாகவே ஓடின. அப்புறம் லைட் செயின் கரைசலைச் சூடாக்கிப் பார்த்தார்கள். கலங்கியது. கொதிக்கவிட்டார்கள். தெளிந்தது. நூறு வருடத்துக்கு மேல் கிடந்த புதிர் ஒரு டெஸ்ட் டியூபில் தீர்ந்துபோனது. அந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது என் பிராக்டிகல் வகுப்பும், கலங்கித் தெளிந்த அந்த டியூபும் அப்படியே திரும்ப வந்துவிட்டன, எங்கள் மேடம் இந்தக் கதையை மட்டும் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒருவர்கூட வீட்டுக்குப் போயிருக்க மாட்டோம்.

மைலோமா ஏன் அதிர்ஷ்டம் என்று இப்போது புரிந்திருக்கும். சாதாரண ரத்தத்தில் இருக்கிற ஆன்டிபாடிகள் லட்சக்கணக்கான ரகங்களின் கலவை, அதை எடுத்து, புரதச் சரடைக் கோத்திருக்கும் அமினோ அமிலங்களின் வரிசையைப் படிக்க முடியாது. மைலோமா நோயாளியிடம் ஒரே ரகம், வேண்டிய அளவுக்கு. எடெல்மனின் குழு 'ஈயூ' என்று இரண்டே எழுத்தால் குறிக்கப்பட்ட ஒரு நோயாளியின் புரதத்தை எடுத்து, துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் படித்து, மறுபடி கோத்து, 1969இல் முழு வரிசையையும் வெளியிட்டது. 1,300க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். அதற்கு முன் பிரிட்டிஷ் வேதியியலாளர் சாங்கர் இன்சுலினைப் படித்தாரே, அதில் 51. (போர்ட்டர் அந்த சாங்கரின் முதல் பிஎச்.டி. மாணவர்.) அதுவரை படிக்கப்பட்ட புரதங்களில் இதுதான் பெரியது.

அந்த வரிசை பாலிங்கின் தையல்காரரைக் கடையை மூடச் செய்துவிட்டது. ஆன்டிபாடிகளுக்குள் வேறுபாடு மடிப்பில் இல்லை, சரடின் எழுத்துகளிலேயே இருக்கிறது. சரடின் ஒரு முனையில் 110 அமினோ அமிலம் அளவுக்கு ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறுகிற பகுதி, மீதமெல்லாம் மாறாத பகுதி. அந்நியப் பொருள் உள்ளே வந்து எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ரகங்கள் முதலிலேயே இருக்கின்றன. இன்னொரு விஷயமும் தெரிந்தது. மொத்த மூலக்கூறும் ஏறக்குறைய ஒரே அளவிலான 12 உருண்டைகளைக் கோத்த மாதிரி இருக்கிறது, ஒவ்வொன்றும் மற்றதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. ஏதோ ஒரு சின்ன ஆதி மரபணு திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு இது உருவாகியிருக்க வேண்டும். இந்த உருண்டையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயூ யார் என்று தேட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு எழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆன்டிபாடி மருந்து செய்கிறவர்கள் இன்றும் மாறாத பகுதியின் அமினோ அமிலங்களை 'ஈயூ எண்' கொண்டுதான் குறிக்கிறார்கள். சர்க்கரை ஒட்டுகிற 297ஆம் இடம் என்று சொன்னால் அது அந்த நோயாளியின் புரதத்தில் 297ஆம் இடம். இன்று மைலோமாவுக்கே டாராடுமுமாப் என்கிற ஆன்டிபாடி ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி போட்ட நோயாளியின் சீரத்தை ஓடவிட்டால், நோய் அடங்கியிருந்தாலும் மருந்தே சில சமயம் மெல்லிய கோடாகக் காமா பகுதியில் விழும், அது நோயின் கோடா மருந்தின் கோடா என்று குழம்பாமல் பார்க்க வேண்டும். அந்த மருந்துக்கும் அதே இரண்டு ஹெவி செயின், இரண்டு லைட் செயின் உடம்புதான்.

1972இல் போர்ட்டருக்கும் எடெல்மனுக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது. எடெல்மனுக்கு வயது 43. அப்புறம் என்ன செய்வது? இங்கேதான் 'துறை மாறினார்' என்று எழுதுகிறார்கள்.

அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. முன்பின் பார்த்திராத ஒன்றை அடையாளம் கண்டு, அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வேகமாகப் பதில் சொல்கிற அமைப்பு உடம்பில் இரண்டுதான் இருக்கிறது. ஒன்று நோய் எதிர்ப்பு, இன்னொன்று மூளை. இந்த ஒப்பீட்டை முதலில் செய்தது எடெல்மன் இல்லை. ஜெர்னே 1967லேயே ஆன்டிபாடியையும் கற்றலையும் சேர்த்து வைத்து, மூளையிலும் கற்றுக்கொடுத்தலுக்குப் பதில் தேர்ந்தெடுத்தல் நடக்கிறதோ என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் போய், மிச்ச வாழ்நாள் முழுவதையும் அதற்குக் கொடுத்தவர் எடெல்மன்தான்.

போன விதமும் எனக்கு மிகவும் பிடிக்கும். நேராக நினைவு, அறிவு என்று பெரிய விஷயத்தில் கைவைக்கவில்லை. கருவில் செல்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன என்று கேட்டார். கோழிக் கருவின் விழித்திரைச் செல்களையும் மூளைச் செல்களையும் தனித்தனியாகப் பிரித்து விட்டால் அவை தாமாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைப்பது எந்தப் புரதம்? அதைக் கண்டுபிடிக்க அவர் கையில் எடுத்த கருவி எது தெரியுமா, ஆன்டிபாடிதான். செல்லின் மேற்பரப்புக்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரித்து ஒட்டுவதைத் தடுக்க வேண்டும். ஆனால் முழு ஆன்டிபாடிக்கு இரண்டு கை, அது இரண்டு செல்லைப் பிடித்துத் தானே ஒட்டவைத்துவிடும். அதனால் ஒரே ஒரு கையை மட்டும் தனியே வெட்டிப் பயன்படுத்தினார்கள். அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்து, செல்கள் மறுபடி ஒட்ட வழிவிடுகிற புரதம் எதுவோ அதுதான் நாம் தேடும் பசை. இப்படி 1970களின் நடுவில் என்-கேம் என்ற மூலக்கூறு கிடைத்தது, செல் ஒட்டு மூலக்கூறுகளில் முதலில் தனித்துப் பிரிக்கப்பட்டவற்றில் ஒன்று. கண்டுபிடித்தவர்களில் உர்ஸ் ருட்டிஸ்ஹவுசர் என்பவரும் ஒருவர், அவர் ஈயூ வரிசையைப் படித்த குழுவிலும் இருந்தவர். ஆட்கள்கூட மாறவில்லை, துறை எங்கே மாறியது?

1987இல் என்-கேமின் அமினோ அமில வரிசை முழுசாகக் கிடைத்தபோது (படித்தவர் ப்ரூஸ் கன்னிங்ஹம், அவரும் ஈயூ குழுதான்) அதன் வெளிப்புறத்தில் ஐந்து உருண்டைகள் கோத்திருந்தன. அதே உருண்டை. ஆன்டிபாடியில் 12 முறை வந்ததே, அதன் நெருங்கிய உறவு. மூளைச் செல்களை ஒட்டவைக்கிற புரதமும் கிருமியைப் பிடிக்கிற புரதமும் ஒரே ஆதி மரபணுவின் வாரிசுகள். எது மூத்தது என்றும் எடெல்மன் சொன்னார். ஈ மாதிரியான பூச்சிகளுக்கும் செல் ஒட்டு மூலக்கூறுகள் உண்டு, ஆன்டிபாடி கிடையாது, ஆகவே செல்லோடு செல் ஒட்டுவதற்காகப் பிறந்த ஒன்றிலிருந்துதான் பிற்பாடு ஆன்டிபாடி வந்திருக்க வேண்டும் என்று. ஆன்டிபாடியிலிருந்து மூளைக்குப் போனவருக்கு அங்கே போனபின், தான் விட்டு வந்ததன் மூதாதையரே கதவைத் திறந்து வரவேற்ற மாதிரி. இதைப் பற்றி எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

மூளையைப் பற்றி அவர் சொன்ன கொள்கைக்குச் சிக்கலான பெயர்கள் வைத்திருக்கிறார், சாரம் அவ்வளவு சிக்கலில்லை. 1978இல் சுருக்கமாகவும், 1987இல் 'நியூரல் டார்வினிசம்' என்ற பெரிய புத்தகத்தில் விரிவாகவும் எழுதினார். மூளை கம்ப்யூட்டர் இல்லை, ஏனென்றால் அதற்கு யாரும் புரோகிராம் எழுதி வைக்கவில்லை, உலகமும் இது நாற்காலி, இது நாய் என்று சீட்டு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. கருவில் நரம்புச் செல்கள் நகர்ந்து, கிளைத்து, ஒட்டி, செத்து, பிழைத்து வளரும்போதே எண்ணற்ற விதமான இணைப்புக் கூட்டங்கள் உண்டாகிவிடுகின்றன. ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்கும் இந்த வயரிங் ஒரே மாதிரி இருக்காது. இது முன்கூட்டியே தைத்து அடுக்கிய ரெடிமேட் கடை. பிறந்த பின் அனுபவம் வந்து, எது பயன்பட்டதோ அந்தக் கூட்டத்தின் இணைப்புகளைப் பலப்படுத்துகிறது, மற்றது தளர்கிறது. பசி, வலி, இதம் போன்றவை எது நல்லது எது கெட்டது என்று மொத்த மூளைக்கும் ஒரு சாயம் பூசுகின்றன, அதை வைத்துத் தேர்வு நடக்கிறது.

மூன்றாவதாக ஒன்று சொன்னார், அதுதான் நோய் எதிர்ப்பில் இல்லாதது. குரங்கின் மூளையில் பார்வைக்கு மட்டுமே 30க்கும் மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன. நிறத்துக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று என்று. மேற்பார்வையாளர் யாரும் இல்லை. பின் எப்படிச் சிவப்பாக ஓடுகிற ஒரே பந்தாகத் தெரிகிறது? பகுதிகளுக்கு இடையே போகவும் வரவும் ஏராளமான இழைகள், எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் பேச்சு நடந்துகொண்டே இருப்பதால், என்றார். இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நான்கு பேர் வாசிக்கிற தந்தி வாத்தியக் குழு. ஒவ்வொருவரும் தன் போக்கில் வாசிக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய கைகளையும் உடம்பையும் எண்ணற்ற மெல்லிய நூல்கள் ஒன்றோடொன்று கட்டியிருக்கின்றன, ஒருவர் அசைந்தால் மற்றவர் கையும் இழுபடும், நடத்துநர் இல்லாமலே இசை சேர்ந்துவிடும். வயலினைக் கீழே வைத்தவர்தான் இதைச் சொல்ல முடியும்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக் 1989இல் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார், தலைப்பே 'நியூரல் எடெல்மனிசம்'. டார்வின் பெயரை இதில் இழுக்காதே, இது உன் சொந்தச் சரக்கு என்கிற குத்தல். கிரிக் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நோய் எதிர்ப்பில் பொருந்திய செல் பெருகுகிறது, வாரிசுகளை உண்டாக்குகிறது, அந்த வாரிசுகளுக்குள்ளும் மாற்றம் வந்து மறுபடி தேர்வு நடக்கிறது. மூளையில் ஜெயித்த நரம்புக் கூட்டம் பெருகுவதில்லை, பலப்படுகிறது, அவ்வளவே. பெருக்கம் இல்லாத தேர்வை டார்வினின் தேர்வு என்று சொல்லலாமா என்பது நல்ல கேள்வி. எடெல்மனின் எழுத்தும் கடினம், ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது, சில இடங்களை நான் கடந்துதான் போயிருக்கிறேன். ஆனால் பெயர் பொருந்தவில்லை என்பதற்காகக் கேள்வி பொய்யாகிவிடாது.

சும்மா எழுதிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, செய்தும் பார்த்தார். 1981இல் ராக்கஃபெல்லரில் நியூரோசயன்சஸ் இன்ஸ்டிட்யூட் என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே டார்வின் என்ற பெயரில் வரிசையாகப் பொறிகள் வந்தன. டார்வின் 7 என்ற ரோபோ, தரையில் கிடக்கும் கட்டைகளைத் தேடிப் போய்க் கவ்வும். கோடு போட்டவை, புள்ளி வைத்தவை என்று இரண்டு ரகக் கட்டைகள். மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதுதான் அதற்கு ருசி. நல்ல ருசி நல்லது என்பதைத் தவிர வேறு எதையும் உள்ளே எழுதவில்லை, கோடு என்றால் என்ன புள்ளி என்றால் என்ன என்று சொல்லித்தரவில்லை. கவ்வித் துப்பி, கவ்வித் துப்பி, கொஞ்ச நேரத்தில் பார்வையிலேயே கெட்ட ருசிக் கட்டையை ஒதுக்க ஆரம்பித்துவிடும். குழந்தை வேப்பங்கொட்டையை ஒரு தடவை வாயில் போட்டுப் பார்த்த மாதிரி.

1993இல் நிறுவனம் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது, 1995இல் சான் டியாகோவின் லா ஹோயாவில் டாட் வில்லியம்ஸ், பில்லி சின் என்ற தம்பதியர் வடிவமைத்த கட்டடம் எழுந்தது. மூளை ஆராய்ச்சி மையத்தில் நல்ல ஒலியமைப்போடு ஒரு இசை அரங்கம் இருந்தது, அதில் கச்சேரிகள் நடந்தன. அவர் மனம் இதிலேயே தெரிகிறது. பணத் தட்டுப்பாட்டால் 2012இல் அந்தக் கட்டடத்தை விட்டுப் போக வேண்டி வந்தது. 2014 மே 17 அன்று லா ஹோயாவில் தன் 84ஆம் வயதில் எடெல்மன் காலமானார்.

1962இல் டெஸ்ட் டியூபைச் சூடாக்கிய ஜோசப் கேல்லியைப் பற்றி இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. 1967இல் ஆன்டிபாடிக்கு இத்தனை ரகம் எப்படி வருகிறது என்பதற்கு, செல்லுக்குள் மரபணுத் துண்டுகளே கலைந்து சேர்வதாக ஒரு ஊகத்தை எழுதியவர்கள் அவரும் எடெல்மனும்தான். அவர்கள் சொன்ன முறை சரியில்லை, ஆனால் திசை சரி, 1976இல் சுசுமு டோனெகாவா உண்மையான முறையைக் காட்டினார். (அந்த டோனெகாவாவும் நோபல் வாங்கிய பின் மூளைக்குத்தான் போனார், நினைவு எந்தச் செல்களில் இருக்கிறது என்று தேட.) 2001இல் ஒரே வேலையை வெவ்வேறு அமைப்புகள் செய்யக்கூடியதாக இருப்பதுதான் ஆன்டிபாடியிலும் மரபணுவிலும் மூளையிலும் பொதுவாக இருக்கிற குணம் என்று ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் எடெல்மன், கேல்லி. 39 வருடம் கழித்து அதே இரண்டு பெயர்கள்.

போர்ட்டரையும் விட்டுவிட முடியாது. நோபலுக்குப் பிறகு அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆன்டிபாடியின் வால் பகுதியில் வந்து ஒட்டி, கிருமியை அழிக்க உதவுகிற காம்ப்ளிமென்ட் புரதங்களின் ஆராய்ச்சியில் இறங்கினார். 1976இல் கென்னத் ரீட் என்பவரோடு சேர்ந்து சி1க்யூ என்ற புரதத்தின் அமைப்பை எழுதினார், தண்டுகளின் நுனியில் மொட்டு மொட்டாக ஆறு தலை கொண்ட பூங்கொத்து மாதிரி இருக்கும். ஆன்டிபாடி பிடித்து வைத்திருக்கும் கிருமியின்மேல் இது உட்கார்ந்து, இதை அழி என்று அடையாளம் போடும். 1985இல் போர்ட்டர் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். 2007இல் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரஸ் குழு வளர்கிற எலியின் மூளையில் ஒன்றைக் கண்டது. பிறந்த புதிதில் தேவைக்கு மேல் உண்டாகியிருக்கும் நரம்பு இணைப்புகளில் எதை நீக்க வேண்டுமோ அதில் ஒரு புரதம் போய் ஒட்டுகிறது, அது இல்லாத எலிகளில் தேவையில்லாத இணைப்புகள் நீங்காமல் தங்கிவிடுகின்றன. அடையாளம் போட்ட இணைப்புகளை மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோக்ளியா விழுங்குகின்றன என்பது அடுத்த சில வருடங்களில் தெரிந்தது. அந்தப் புரதம் போர்ட்டரின் சி1க்யூ. எடெல்மனுக்கு அப்போது 78 வயது, லா ஹோயாவில் இன்னும் வேலைசெய்துகொண்டிருந்தார்.